காட்சிக் கிடங்கில் நம் முகங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளியூர் அருவிக்கு இறங்கும் படிக்கட்டில் நின்று பாருங்கள். ஏற்காடு ஏரி நிறைந்து வழிகிற தண்ணீர்தான் இங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மழை முடிந்து சில மாதங்களில் அது நூலாக இளைத்துவிடும். ஆனால் கேமராக்கள் இளைப்பதில்லை. அருவியை எடுப்பார்கள். அருவிக்குப் போகிற வழியில் களத்தில் மிளகு காயவைக்கிற பெண்ணை எடுப்பார்கள். விறகுக் கட்டோடு மேலேறி வருகிற கிழவியை நிறுத்தி எடுப்பார்கள். அப்படி எடுத்ததில் ஒரு பகுதி இணையத்தில் விலைக்குப் போகிறது. 'ஸ்டாக் வீடியோ' என்று அதற்குப் பெயர். அது என்ன வியாபாரம், நம் பிள்ளைகள் அதில் இறங்கலாமா என்று சில தோழர்கள் என்னிடம் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். இறங்கலாம் என்பதே என் பதில். ஆனால் நான் இறங்கிய விதத்தில் இறங்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தாத்தா சமவெளியிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்காக மலையேறி வந்தவர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காப்பியை நட்டார் என்று சுற்றுலாக் கையேடுகளில் படித்திருப்பீர்கள். நட்டவர் பெயர் இருக்கிறது. குழி தோண்டியவர்கள், நிழல் மரம் வைத்தவர்கள், பழம் பறித்தவர்கள் பெயர் எதுவும் இல்லை. எங்கள் தாத்தாவின் பெயர் இருந்த ஒரே இடம் எஸ்டேட் செக்ரோல்தான். லைன் வீட்டில் பிறந்த நான் பத்தாம் வகுப்புக்குப் பிறகு சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கிற பையனாகச் சேர்ந்து, கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

கல்யாண வீடியோத் தொழிலில் நம் பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேமராவைத் தோளில் வைத்திருக்கும் வரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. மணவறை வரைக்கும் போகலாம். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் மாமனையே 'சார், கொஞ்சம் தள்ளுங்க' என்று சொல்லலாம். பந்தியில்தான் சிக்கல். ஒரு கிராமத்தில், "தம்பி எந்த ஊரு, அங்க எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு நான் பதில் சொன்ன பிறகு, எனக்கு மட்டும் தண்ணீர் காகித டம்ளரில் வந்தது. மற்றவர்களுக்கு எவர்சில்வர். அன்றைக்கு நான் எடுத்த வீடியோவில் ஸ்டுடியோ முதலாளியின் பெயர் தங்க எழுத்தில் ஓடியது. சம்பளத்துக்குச் செய்கிற வேலையில் பெயரும் உரிமையும் முதலாளிக்கே. ஒப்பந்தம் எழுதியவர் யார், எழுதாதவர் யார் என்பதெல்லாம் எங்கள் தொழிலில் யாரும் பேசாத விஷயம்.

அதனால்தான் ஸ்டாக் வீடியோ பற்றிக் கேள்விப்பட்டதும் எனக்குச் சிறகு முளைத்தது போல இருந்தது. தெரு கேட்காத தொழில். கணக்கு தொடங்க 18 வயதும், பான் அட்டையும், ஓர் அடையாளச் சான்றும் போதும். நாம் எடுத்ததற்கு நாமே உரிமையாளர். அதை விற்பதில்லை; பயன்படுத்திக்கொள்ளும் உரிமத்தை மட்டுமே விற்கிறோம். ஒரே காட்சியைப் பத்துப் பேருக்கு உரிமம் தரலாம், பல தளங்களில் ஒரே நேரத்தில் ஏற்றலாம். விளம்பர நிறுவனம், செய்தித் தொலைக்காட்சி, ஆவணப்படம் எடுப்பவர், யூடியூபர் என்று வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

யார் இந்தக் கடைகளை நடத்துகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஷட்டர்ஸ்டாக் 2003இல் தொடங்கப்பட்டது. பாண்ட்5 என்ற தளம் 2006இல் வந்தது, 2022இல் ஷட்டர்ஸ்டாக் அதை வாங்கிவிட்டது. 2006இல் ஐஸ்டாக்கை வாங்கியது கெட்டி. ஷட்டர்ஸ்டாக்கும் கெட்டியும் இணையப் போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அதாவது, கடைவீதி போலத் தெரிந்தாலும் முதலாளிகள் சிலரே. கூலி விகிதமும் அப்படித்தான். அடோபி ஸ்டாக் வீடியோவுக்கு 35 விழுக்காடு தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் விதியை மாற்றியது. விற்பனைக்கு ஏற்ப 15இலிருந்து 40 விழுக்காடு வரை படிப்படியாக ஏறும், ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் எல்லோரும் மறுபடி முதல் படிக்கு இறக்கப்படுவார்கள். உலகம் முழுக்கப் பங்களிப்பாளர்கள் எதிர்த்தார்கள்; விதி மாறவில்லை. வருடம் முழுக்கப் பழம் பறித்தவனைத் தை பிறந்ததும் புது ஆள் கூலிக்கு இறக்கினால் எங்கள் எஸ்டேட்டில் சங்கம் சும்மா விட்டிருக்காது. இங்கே சங்கம் இல்லை.

சரி, நான் என்ன செய்தேன்? வாடகைக் கேமராவை எடுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பினேன். முதலில் எல்லோரையும் போலவே அருவி, ஏரி, லேடிஸ் சீட்டிலிருந்து தெரிகிற சேலத்து விளக்குகள், பகோடா பாயின்ட். ஒன்றும் விற்கவில்லை. கிளியூர் அருவி போல உலகத்தில் எத்தனையோ அருவி, அதை எடுத்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். பிறகுதான் அத்தையை எடுத்தேன்.

அத்தை நாற்பது வருடம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர். சங்கத்தில் முன்வரிசை. அன்றைக்கு மதியச் சோறு சாப்பிட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து முறத்தில் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். சாய்ந்த வெயில், சுருக்கம் விழுந்த முகம், பேசாத நேரத்தில் தூரத்தில் நிலைத்த பார்வை. நான்கு துண்டுகள் எடுத்தேன். அடையாளம் தெரிகிற முகம் இருந்தால், வணிகப் பயன்பாட்டுக்கு அந்த ஆளின் கையெழுத்துடன் ஒப்புதல் படிவம் வேண்டும். 'மாடல் ரிலீஸ்' என்பார்கள். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளை நீட்டினேன். அறிவொளி இயக்கத்தில் கற்ற கையெழுத்தை அத்தை போட்டுக் கொடுத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. செக்ரோலில் போடுவது போல ஒரு கையெழுத்து.

ஏற்றும்போது குறிச்சொற்கள் கேட்கும். தேடுகிறவருக்குக் காட்சி அகப்படுவது அவற்றால்தான். ஷட்டர்ஸ்டாக்கில் 50 வரை போடலாம், அடோபியில் 49. எனக்கு ஆங்கிலம் குறைவு. நன்றாக விற்கிற காட்சிகளைப் பார்த்து அவற்றின் சொற்களை அப்படியே எடுத்து ஒட்டினேன். ஏழை, வறுமை, பழங்குடி, கிராமம், பசி, சோகம், முதியவள். அத்தை பழங்குடி அல்ல. பசியோடும் இல்லை. இருந்தாலும் போட்டேன். விற்றது. நான்கில் மூன்று விற்றன.

சில மாதம் கழித்து, சென்னையில் படிக்கிற அத்தை மகள் வழிப் பேத்தி ஒரு வீடியோவை அனுப்பினாள். ஏதோ ஒரு நாட்டில் நன்கொடை கேட்கிற விளம்பரம். ஒட்டிய வயிற்றோடு ஒரு குழந்தை, வெடித்த நிலம், அடுத்து எங்கள் அத்தை. இரண்டு நொடிதான். அத்தையிடம் காட்டாமல் மறைத்திருக்கலாம். பேத்தி காட்டிவிட்டாள்.

"நான் யார்கிட்டடா பிச்சை கேட்டேன்?" என்றார் அத்தை. "அன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு. நீயும்தான தின்ன."

என்னிடம் பதில் இல்லை. எல்லாத் தளத்திலிருந்தும் அந்தக் காட்சிகளை நீக்கினேன். ஆனால் ஏற்கெனவே உரிமம் வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. அந்த மூன்று துண்டுகளும் எங்கெங்கோ இருக்கும். எடுத்தவன் வெள்ளைக்காரன் இல்லை, சென்னையிலிருந்து வந்த படக்குழு இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: 'பசி' என்ற சொல்லைத் தட்டியது என் விரல்.

இந்தப் பழக்கம் இணையத்தோடு வந்ததல்ல. 1868இலிருந்து 1875 வரை பிரிட்டிஷ் அரசு 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகளில் 468 புகைப்படங்கள் வெளியிட்டது. ஒவ்வொரு முகத்தின் கீழும் ஒரு சாதிப் பெயர், ஒரு குணம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இன்னும் நெருங்கி வந்தார். அருங்காட்சியகம் 1899இல் வெளியிட்ட அவருடைய மானுடவியல் ஏடு ஒன்றில் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. மனிதர்களை நிற்க வைத்து, தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, எண்ணாக்கி, இனமாக அடுக்குகிற வேலை அது. பிறகு 1909இல் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளாக வந்தது. அளக்கப்பட்டவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் என்ன உரிமை இருந்தது? எங்கள் மலையின் முகங்கள் கிடங்கில் அடுக்கப்பட்டு நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கிடங்கு மாறியிருக்கிறது. மேலே ஒட்டுகிற சீட்டு அவ்வளவாக மாறவில்லை.

சந்தேகம் இருந்தால் எந்த ஸ்டாக் தளத்திலும் 'இந்தியக் குடும்பம்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். வெளுத்த தோலும் வரவேற்பறை சோபாவுமாக வரும். 'இந்தியப் பழங்குடி', 'இந்திய வறுமை' என்று தேடுங்கள். நாம் வருவோம். இந்திய முகங்களுக்கென்றே 2006இல் தொடங்கிய இமேஜஸ்பஜாரிலும் இந்தத் தேடலைச் செய்து பாருங்கள், 'இந்திய' என்றால் யார் என்று தெரியும். மடிக்கணினியில் கணக்கு எழுதுகிற கறுத்த பெண், மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசுகிற தோட்டத் தொழிலாளி, வங்கி மேலாளர் நாற்காலியில் ஒரு தலித் என்று தோன்றும்படியான ஓர் ஆள் எங்கே?

ஒருமுறை விளம்பரப் படக்குழு ஒன்றுக்கு உதவியாளாகப் போனேன். மலையாளி வீட்டுப் பெண்கள் மூவர் நல்ல சேலை கட்டி, செருப்புப் போட்டு வந்து நின்றார்கள். "ட்ரைபல் மாதிரி தெரியலயே" என்று இயக்குநருக்குக் கவலை. செருப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். செருப்பைக் கழற்று என்ற சொல்லின் வரலாறு இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் செருப்புகளைச் சட்டகத்துக்கு வெளியே ஒதுக்கி வைத்த கை என்னுடையது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் இறங்கச் சொல்கிறேன்? நாம் விலகினால் எடுப்பது நின்றுவிடாது என்பதுதான் காரணம். 'மூக்நாயக்' இதழுக்குக் காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் 'கேசரி' மறுத்தது. அம்பேத்கர் 1920இல் தன் இதழை நடத்தினார். அதற்கு முன்பே இங்கே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழ'னையும் கொண்டுவந்துவிட்டார்கள். அச்சு இயந்திரத்தைப் பிடித்தது போலத்தான் கேமராவையும் பிடிக்க வேண்டும். மலக்குழி மரணங்களைப் பற்றிப் பேசிய 'கக்கூஸ்' 2017இல் வந்தபோது அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் மதுரையின் பழனி குமார். யார் பின்னால் நிற்கிறார் என்பதால் முன்னால் நிற்பவரின் முகம் மாறுவதை அந்தப் படத்தில் பார்க்கலாம். ஆனால் பின்னால் நிற்பவர் நம்மவராக இருந்தால் மட்டும் போதாது. என் கதையே அதற்குச் சாட்சி.

'ஏழை முகத்தை விற்பதே தவறு, முகமில்லாத காட்சி எடு' என்று ஒரு மூத்த தோழர் சொன்னார். பாதி ஒப்புக்கொள்கிறேன். கைகள் நன்றாக விற்கின்றன, கைகளுக்குப் பெரும்பாலும் முகப் படிவம் தேவைப்படுவதில்லை. ஆனால் நம் முகங்களை முற்றிலும் எடுத்துவிட்டால் அந்தத் தேடலில் வரவேற்பறை சோபா மட்டுமே மிஞ்சும்.

அவசரம் வேறொன்றும் இருக்கிறது. 2023இல் அடோபி தன் படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவான பயர்பிளையை அடோபி ஸ்டாக் கிடங்கை வைத்துத்தான் பயிற்றுவித்தது. ஓபன்ஏஐ நிறுவனத்துக்குத் தன் கிடங்கைப் பயிற்சிக்குத் தருகிற ஒப்பந்தத்தை அதே ஆண்டு ஷட்டர்ஸ்டாக் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டித்தது. 'தோட்டத் தொழிலாளி' என்று கேட்டால் இயந்திரம் என்ன முகத்தை வரையும் என்பது, நாம் இன்று எந்த முகத்துக்குக் கீழே எந்தச் சொல்லைத் தட்டுகிறோம் என்பதிலும் இருக்கிறது. தர்ஸ்டனின் கருவி தொட்ட தலைகளை எண்ணிவிடலாம். இதற்கு எண்ணிக்கையே கிடையாது.

இனி, தொடங்க நினைக்கிற பிள்ளைகளுக்கு. கேமரா வாங்கக் கடன் வாங்காதீர்கள். இப்போதைய நல்ல செல்பேசிகள் சில 4கே எடுக்கின்றன, ஆனால் டிரைபாட் கட்டாயம். துண்டு 5 நொடியிலிருந்து 60 நொடிக்குள், நான் 15 நொடி எடுக்கிறேன். டியூப்லைட் உள்ள இடத்தில் ஷட்டர் 50 அல்லது 100இல் வையுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் துடிக்கும், நிராகரித்துவிடுவார்கள். சட்டையில், பையில், சுவரில் நிறுவனச் சின்னம் தெரியக் கூடாது. காட்டு நிலத்துக்குள் வணிகத்துக்காக எடுப்பதென்றால் வனத்துறை அனுமதி தேவை. டிரோன் ஆசை இருந்தால், 2021 விதிகளின்படி 250 கிராமுக்குட்பட்ட நானோ வகைக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். எங்கே பறக்கலாம் என்ற தடை எல்லோருக்கும் உண்டு. வரிக்கு டபிள்யூ-8 பி.இ.என். என்ற அமெரிக்கப் படிவத்தைக் கவனமாக நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் அமெரிக்காவிலிருந்து வருகிற வருமானத்தில் 30 விழுக்காடு பிடிப்பார்கள். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் ராயல்டிக்கு 15.

பணத்தைப் பற்றி ஆசை வார்த்தை சொல்ல மாட்டேன். முதல் ஆறு மாதத்தில் 240 துண்டுகள் ஏற்றினேன், 11 விற்பனை, கைக்கு வந்தது ஒரு மாத அரிசி, மளிகைச் செலவுக்குக் காணும். யூடியூபில் 'தூங்கும்போதும் வருமானம்' என்று சொல்கிறவர்கள் வகுப்புக் கட்டணத்தில்தான் சம்பாதிக்கிறார்கள். கல்யாண வேலையை விடாமல் பக்கத்தில் செய்யுங்கள். அருவியை விட்டுத் தள்ளுங்கள். ஊரில் இருக்கிறவனுக்கு மட்டும் கிடைக்கிற காட்சி எடுங்கள். கோடை மழைக்குப் பிறகு காப்பிச் செடி வெள்ளையாகப் பூக்கிற காலை, பழம் அரைக்கிற இயந்திரம், கொண்டை ஊசி வளைவில் முதல் பேருந்து, ஆரம்பச் சுகாதார நிலைய வரிசை, செல்பேசியில் பணம் வாங்குகிற டீக்கடை அக்கா. எனக்கு இப்போது அதிகம் விற்பது அந்த அக்காதான்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அமெரிக்கத் தளம் ஆங்கிலப் படிவத்தைத்தான் கேட்கும். தமிழ்ப் படிவம் நமக்கும் நிற்பவருக்கும் இடையில். அதில் நான்கு விஷயம். இந்தக் காட்சி யாருக்கும், எதற்கும் விற்கப்படலாம், திரும்பப் பெற முடியாது என்பதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். என்னென்ன குறிச்சொல் போடுகிறோம் என்று அந்த ஆளிடம் சொல்ல வேண்டும், வேண்டாம் என்றதை எடுத்துவிட வேண்டும். நிற்கிற நேரத்துக்கு அன்றைய தோட்டக் கூலி. விற்றால் நம் கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கு. தோழர்களில் சிலர் பாதி என்கிறார்கள். கேமரா வாடகை கட்டுகிற எனக்கு இப்போதைக்கு அது முடியவில்லை, பேசித் தீர்க்கலாம்.

அத்தைக்கு அதைப் படித்துக் காட்டினேன். பழைய மூன்று விற்பனைக்கும் பங்கைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். எண்ணி முந்தியில் முடிந்துகொண்டார். முகத்தை இனி எடுக்கக் கூடாது என்றார். கை மட்டும் எடுக்கலாம், அதுவும் வேலை செய்கிற கை. குறிச்சொல் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

"காப்பி. அப்புறம், ஏற்காடு. அவ்வளவு போதும். போட்டுக் காட்டு."

போட்டுக் காட்டினேன். ஆங்கில எழுத்தை அவரால் படிக்க முடியாது என்பதால் பேத்தியைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னார்.